பட்டியலில் இல்லாத பள்ளிக்கூடம்

லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலில் மதியச் சாப்பாட்டு வரிசையில் நின்றபோதுதான் எங்கள் வீட்டை அந்த அரியண்டம் பிடித்தது. என் கணவருக்கு முன்னால் நின்றவர் ஜெர்மனியில் அவரோடு ஒரே அறையில் இருந்த பழைய நண்பர். நண்பருடைய மனைவியின் தமக்கை மகள் நன்றாக உதைபந்தாட்டம் ஆடுவாளாம். அதற்காகவே அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் அவளைக் கூப்பிட்டு, இடம் கொடுத்துப் படிப்பிக்கிறதாம். அவர் சொல்லி முடிக்கும்போது வரிசை நகர்ந்துவிட்டது. என் கணவர் வெறும் தட்டைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

"எந்த ஸ்கூல்?" என்று கேட்டார்.

பிள்ளைக்கு என்ன வயது, எத்தனை வருடமாக ஆடுகிறாள், தனியாக அவ்வளவு தூரம் போய் எப்படி இருக்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. பின்னால் நின்றவர்கள் "கொஞ்சம் தள்ளுங்கோ அண்ணை" என்று சொன்ன பிறகும் நகரவில்லை. நண்பர் ஒரு கல்லூரியின் பெயரைச் சொன்னார். இவர் அதை அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்தார். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

ஏனென்றால் இது முதல் தடவை அல்ல. எங்களுக்கு ஒரே மகள். அவளுக்கு எட்டு வயதானபோது, எந்த ஆரம்பப் பள்ளியிலிருந்து கூடுதலான பிள்ளைகள், பதினொரு வயதில் பரீட்சை வைத்து எடுக்கிற கிராமர் ஸ்கூலுக்குத் தெரிவாகிறார்கள் என்று இவர் ஒரு பட்டியல் போட்டார். அதை நம்பி கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் வீடு மாறினோம், இரண்டு தெரு தள்ளி. வாரத்தில் மூன்று நாள் டியூஷன். கடைசியில் மகள் அந்தப் பரீட்சையில் சித்தியடையவில்லை. இழவு வீட்டுக்காரர் மாதிரி இவர் ஒரு மாதம் கதைக்காமல் திரிந்தார். பிறகு அவள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அது எந்தப் பட்டியலிலும் இல்லாத பள்ளிக்கூடம். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க இவருக்கு அக்கறையும் இருக்கவில்லை.

அங்கேதான் அவள் பந்தாடத் தொடங்கினாள். பெண் பிள்ளைகளுக்கு ஒரு அணி வேண்டும் என்று நிர்வாகம் திடீரென்று முடிவெடுத்து, அந்தப் பொறுப்பைப் புதிதாக வந்த புவியியல் ஆசிரியையின் தலையில் கட்டியது. அவருக்கு உதைபந்தாட்டம் தெரியாது. ஒஃப்சைட் என்றால் என்னவென்று என் மகளிடமே கேட்டிருக்கிறார். ஆனால் வியாழக்கிழமை தோறும் மூன்றரை மணிக்கு, மழையோ குளிரோ, பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் நிற்பார். முதல் வருடம் ஏழு பிள்ளைகள்தான் வந்தார்கள். மற்றப் பள்ளிக்கூடங்களோடு விளையாடப் போகும்போது மினிபஸ்ஸையும் அவரே ஓட்டுவார். ஆட்டத்தில் என்ன நடந்தது என்று தனக்குப் பிறகு விளங்க வேண்டும் என்பதற்காக, எங்கள் மைதானத்தைப் பார்த்த வெளி மாடிப்படியின் உச்சியில் ஒரு கமராவை நிறுத்தி முழு ஆட்டத்தையும் படம் எடுப்பார்.

நான் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கும் வேலை செய்கிறேன். காலை ஷிப்ட் என்றால் மூன்று மணிக்கு முடிந்துவிடும். வியாழக்கிழமைகளில் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். மகள் பின்வரிசையில் நிற்பாள். வருகிற பந்தை மறிப்பதுதான் அவளுடைய வேலை. வீட்டில் ஒரு கோப்பையைக் கழுவச் சொன்னால் மூன்று தடவை கூப்பிட வேண்டிய பிள்ளை, அங்கே மற்றப் பிள்ளைகளை "பின்னாலை வா, இடப்பக்கம் பார்" என்று ஆங்கிலத்தில் அதட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

"பந்துக்குப் பின்னாலை ஓடி என்னத்தைக் காணப் போறாய்?" என்று இவர் அவளைக் கேட்காத வாரம் இல்லை. நான்கு வருடம் அப்படிக் கேட்டவர்தான், கோயிலிலிருந்து வந்த அன்றே கொம்பியூட்டருக்கு முன்னால் குந்திவிட்டார்.

இங்கே பதினாறு வயதுக்குப் பிறகு இரண்டு வருட உயர்தர வகுப்பு. சில கல்லூரிகளில் அந்த இரண்டு வருடமும் படிப்போடு சேர்த்து நாள்தோறும் உதைபந்துப் பயிற்சியும் கொடுப்பார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அங்கிருந்து பிள்ளைகளைத் தெரிவு செய்கின்றன. எந்தக் கல்லூரி கூடுதலான பெண் பிள்ளைகளை அனுப்புகிறது? இந்த ஒரு கேள்வியோடு இவர் மூன்று மாதம் வாழ்ந்தார். ஹீத்ரோ விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் இவருக்கு வேலை. தேத்தண்ணி இடைவேளைகளில் கல்லூரி கல்லூரியாகப் போன் எடுப்பார். "வணக்கம், போன வருடம் உங்களிடமிருந்து எத்தனை பேர் போனார்கள்?" என்று மரக்கறிக்கடையில் விசாரிப்பது போலக் கேட்பார். சிலர் மறுமொழி சொன்னார்கள். சிலர் போனை வைத்துவிட்டார்கள். போனை வைத்தவர்களின் பெயரைப் பட்டியலில் அடியில் போட்டார்.

"இஞ்சரப்பா, பிள்ளையை ஒருக்கால் கேட்டனீங்களே?" என்றேன்.

"கேட்கிறதுக்கு என்ன இருக்கு? அவளுக்கு ஃபுட்போல் விருப்பம்தானே."

"அமெரிக்கா போக விருப்பமோ எண்டு கேட்டனீங்களே?"

"உமக்கு ஒண்டும் விளங்காது. முதல்லை ஸ்கூலைப் பிடிப்பம், பேந்து விருப்பத்தைப் பாப்பம்."

பட்டியலில் முதலாவதாக வந்த கல்லூரி ஹவுன்ஸ்லோவையும் தாண்டி இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பஸ், ரெயின், மறுபடி பஸ். ஆனால் இவருடைய வேலைக்குப் போகிற வழி. இதுவே முருகன் காட்டிய வழி என்று இவருக்குத் தோன்றிவிட்டது. பெற்றோருக்கான நாளன்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மகள் வழி முழுவதும் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி வந்தாள்.

வரவேற்பறையில் ஒரு பெரிய சுவர். அதில் அமெரிக்கா போன பிள்ளைகளின் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் போன பல்கலைக்கழகத்தின் பெயர். மேலே "இங்கே உருவானவர்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. இவர் போனை எடுத்து அந்தச் சுவரை மூன்று கோணத்தில் படம் பிடித்தார். பிறகு மண்டபத்தில் பயிற்சிப் பொறுப்பாளர் பேசினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நாட்டிலேயே தங்களிடமிருந்துதான் கூடுதலான பெண்கள் போகிறார்கள் என்றார். இவர் என் முழங்கையில் இடித்தார்.

கேள்வி நேரம் வந்தது. நான் அப்படியான இடங்களில் வாய் திறப்பவள் அல்ல. அன்றைக்கு என் கை தன்பாட்டில் உயர்ந்தது.

"சுவரில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை வயதில் இங்கே வந்தவர்கள்?" என்று கேட்டேன்.

"பதினாறில். சிலர் பதினேழில் கடைசி வருடத்துக்கு மட்டும் வருவார்கள்" என்றார்.

"அப்போ பதினாறு வயது வரைக்கும் அவர்களுக்கு யார் விளையாடப் பழக்கினது?"

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பொறுப்பாளரும் சிரித்தார். நல்ல கேள்வி என்று சொல்லிவிட்டு, பின்வரிசையில் கை உயர்த்தியவரிடம் போய்விட்டார். என் மகள் காதிலிருந்ததைக் கழற்றி என்னைத் திரும்பிப் பார்த்தாள். காருக்குள் ஏறி பெல்ட்டைப் போட்டதும் இவர் தொடங்கினார்.

"மானத்தை வாங்கிப்போட்டீர்" என்றார். "உம்மடை கேள்வியாலை பிள்ளைக்கு இடம் கிடைக்காமல் போனால்?"

"தெரிஞ்சுகொள்ளத்தானே கேட்டனான். பதினாறு வயதுப் பிள்ளையை ஆயத்தமா எடுத்துப்போட்டு, நாங்கள் செய்தது எண்டு சுவரிலை ஒட்டினால் அது என்ன கதை?"

"எடுக்கிற இடம் எது எண்டுதான் முக்கியம். மற்றது எங்களுக்கு ஏன்?"

பின்னாலிருந்து மகள், "ரெண்டு பேரும் ப்ளீஸ் நிப்பாட்டுறீங்களா?" என்றாள்.

அந்த வாரம் அவளோடு தனியாகக் கதைத்தேன். தன் பள்ளிக்கூடத்திலேயே இருந்து தோழிகளோடு படிக்கத்தான் அவளுக்கு ஆசை. ஆனால் அங்கே உயர்தர வகுப்பில் பெண்களுக்கு அணி கிடையாது. அந்த ஆசிரியை எவ்வளவோ கேட்டும், ஆறு பேருக்கு மேல் சேரவில்லை. "அம்மா, இங்கை இருந்தால் எனக்கு விளையாட்டு முடிஞ்சுது" என்றாள். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை. உதட்டை மட்டும் கடித்துக்கொண்டாள். அதனால் அவள் அந்தக் கல்லூரிக்குப் போனது அப்பாவின் பட்டியலுக்காக அல்ல. இதை நான் இவருக்கு எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். ஒருநாளும் காதில் ஏறியதில்லை.

தெரிவுப் போட்டியில் அவளை எடுத்தார்கள். இரண்டு வருடம் நான் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். இவருக்குக் காலை ஷிப்ட் இருந்தால் காரில் போவாள், இல்லாவிட்டால் இருட்டில் பஸ்ஸுக்குப் போய் நிற்பாள். இடியப்பம் கட்டிக் கொடுத்தால் கைபடாமல் திரும்பி வரும். பாஸ்தா வேண்டும் என்பாள். குளியல் தொட்டி எப்போது பார்த்தாலும் சேறு. பந்துச் சப்பாத்துகளை ஹீற்றரில் காய வைத்து வீடே நாறும். படிப்பு, பயிற்சி, பயணம் என்று அலைந்து, சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி வரைக்கும் பிணம் போலத் தூங்குவாள். "அங்கை போற பிள்ளையள் எல்லாம் இப்பிடித்தான்" என்று இவர் எனக்கு விளக்கம் சொல்வார், தானே அவர்களைப் பெற்று வளர்த்தது போல.

இரண்டாவது வருடத்தில் வீடியோ வேலை தொடங்கியது. அமெரிக்கப் பயிற்சியாளர்களுக்குப் பிள்ளை ஆடுகிற காட்சிகளைத் தொகுத்து அனுப்ப வேண்டும். கல்லூரி எடுத்த படங்கள் கொஞ்சம் இருந்தன. அது போதாது என்று இவரும் ஆட்டங்களுக்குப் போய்ப் போனில் எடுத்தார். ஆறு ஆட்டங்கள் எடுத்தார். ஒவ்வொன்றிலும் பந்து மகளிடம் வருகிற நேரத்தில், "அடி பிள்ளை, அடி!" என்று இவருடைய குரல் கேட்கும். உடனே படம் வானத்துக்குப் போய்விடும். சில இடத்தில் பெருவிரல். ஒன்றில் பக்கத்தில் நின்ற யாருடையோ நாய், இரண்டு நிமிடம் முழுமையாக. நாய் நன்றாக வந்திருந்தது.

"இதை எப்படி அப்பா அனுப்புறது?" என்று மகள் கேட்டாள்.

"வெட்டி ஒட்டினால் சரி வரும்."

"என்னத்தை ஒட்டுறது? நாயையா?"

நான் அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன்.

கடைசியில் அவள் தன் பழைய பள்ளிக்கூடத்து ஆசிரியைக்கு எழுதிக் கேட்டாள். அவர் மாடிப்படியிலிருந்து எடுத்த பழைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் அனுப்பி வைத்தார். அதில் ஒன்று எனக்கு நினைவிருந்தது. மழை நாள், மைதானம் முழுக்கச் சேறு. மகள் ஒரு பந்தைப் பிழையாக மதிப்பிட்டு, வழுக்கி முகம் குப்புற விழுகிறாள். எதிரணிப் பிள்ளை பந்தைக் கொண்டு தனியாக ஓடுகிறாள். இவள் எழும்பி, சேற்றைத் துடைக்காமல், பாதி மைதானம் துரத்திப்போய், கோல் கோட்டுக்கு ஒரு அடி முன்னால் பந்தைத் தட்டி வெளியே விடுகிறாள். பிறகு மற்றப் பிள்ளைகளிடம் கையைத் தூக்கி, என் பிழை என்று சொல்கிறாள்.

"விழுகிறதை வெட்டிப்போட்டு, தட்டுறதை மட்டும் போடு" என்று இவர் உத்தரவிட்டார். நானும் அது சரி என்றுதான் நினைத்தேன். அதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். மகள் சரி என்று தலையாட்டிவிட்டு, எங்கள் இருவருக்கும் தெரியாமல் வெட்டாததையே அனுப்பியிருக்கிறாள்.

அந்த வீடியோ பதினொரு இடங்களுக்குப் போனது. ஏழு இடத்திலிருந்து மறுமொழியே இல்லை. இவர் ஒவ்வொரு நாளும் மகளின் ஈமெயிலைப் பார்க்கச் சொல்லி ஆய்க்கினைப்படுத்தினார். அவள் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினாள். பிறகு ஒரு சிறிய நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சியாளர் வீடியோவில் பேச வேண்டும் என்றார். அங்கே மதியம், எங்களுக்கு மாலை ஆறு மணி. இவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, கழுத்தில் ரை கட்டிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார். நான் வேலையால் வந்த உடுப்போடு, கமராவில் தெரியாமல் சோபாவின் மறுபக்கத்தில் இருந்தேன்.

பயிற்சியாளர் ஐம்பது வயதுக்குக் கிட்டிய பெண். சுற்றி வளைத்துக் கதைக்காதவர். "எனக்கு வருகிற வீடியோக்களில் ஒருவரும் பிழை விடுவதே இல்லை" என்றார். "நீ மட்டும்தான் விழுந்ததை அனுப்பியிருக்கிறாய். எழும்பிப் போனாய், பார்த்தேன். பிறகு கையைத் தூக்கினாய், அதையும் பார்த்தேன். அது எந்தப் பள்ளிக்கூடம்?"

மகள் வாயைத் திறக்க முதல் இவர் கல்லூரியின் பெயரைச் சொல்லிவிட்டார். அதிகமான பிள்ளைகளை அனுப்புகிற கல்லூரி என்றும் சேர்த்துச் சொன்னார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. எழுந்து போய் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டினேன். "இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். "அது அவளுடைய பழைய பள்ளிக்கூடம். எங்கள் தெருவுக்குப் பக்கத்தில். புவியியல் ரீச்சர் ஒருவர்தான் நான்கு வருடம் கொண்டு நடத்தினவர்."

"புவியியல் ரீச்சரா?"

"ஓம்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

அவர் சத்தமாகச் சிரித்தார். சிரித்தபடி எதையோ எழுதினார். இவர் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். நான் திருப்பி மிதித்தேன்.

இரண்டு வாரத்தில் இடம் கிடைத்துவிட்டது. இவர் அன்றைக்கு வாய் விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் கோபம் போகவில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தன. ஓகஸ்ட் மாதம் ஹீத்ரோவில் அவளை அனுப்பிவிட்டு வந்தோம். தினமும் வேலை செய்கிற விமான நிலையத்தில், புறப்படும் வாசல் எது என்று தெரியாமல் இவர் தடுமாறினார்.

அடுத்த மாதம் அவளுடைய சான்றிதழை வாங்கக் கல்லூரிக்குப் போனேன். சுவரில் அவளுடைய படம் ஏறியிருந்தது. "இங்கே உருவானவர்கள்." வரவேற்பில் இருந்த பெண்ணிடம், அவளுடைய பழைய பள்ளிக்கூடத்தின் பெயரையும் கீழே போட ஏலுமா என்று கேட்டேன். அந்தப் பெண் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, எல்லாப் படத்துக்கும் ஒரே வடிவமைப்பு, இரண்டு வரிக்கு மேல் இடமில்லை என்று மிகவும் பண்பாகச் சொன்னாள். அவளோடு என்ன சண்டை பிடிக்கிறது?

அங்கிருந்து நேரே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வியாழக்கிழமை. புவியியல் ஆசிரியை மைதானத்தின் ஓரத்தில் குந்தியிருந்து பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். சுவர், படம், இரண்டு வரி. அவரும் என்னோடு சேர்ந்து கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"விழுந்ததையா அனுப்பினாள்?" என்று மட்டும் கேட்டுச் சிரித்தார். பிறகு, "இந்தப் பம்பைக் கொஞ்சம் பிடிக்கிறீர்களா? ஊசி நிற்குதில்லை" என்றார்.

பிடித்தேன். நான்கு பந்துக்குக் காற்று அடித்தோம். இந்த மனிசிக்குக் கூட இதில் கவலை இல்லையே என்று வீடு வரும் வரைக்கும் எரிச்சலாக இருந்தது.

இப்போது எங்கள் வீட்டுக்குப் போன் வருகிறது. ஹவுன்ஸ்லோவிலிருந்து, ஹரோவிலிருந்து, முன்பின் தெரியாத தாய் தகப்பன்மார். "அண்ணை, எந்த ஸ்கூலிலை போட்டால் அமெரிக்கா போகலாம்?" இவர் கதிரையில் சாய்ந்து, காலுக்கு மேல் கால் போட்டு, பட்டியலை முதலிலிருந்து சொல்வார். ஒருநாள் இவர் குளிக்கப் போயிருந்தபோது நான் போனை எடுத்தேன். பத்து வயது மகளுக்காக ஒரு தாய். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன். வியாழக்கிழமை மூன்றரை மணிக்குப் போய்ப் பாருங்கோ என்றேன்.

"அந்தப் பேர் எங்கையும் இல்லையே அக்கா" என்றார் அந்தத் தாய். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அண்ணை எப்ப குளிச்சிட்டு வருவார்?" என்று கேட்டார்.

மகள் முதல் வருடம் முழுவதும் அநேகமாக ஆட இறங்காமல் வெளி வாங்கில்தான் இருந்தாள். இந்த வருடம் ஆடுகிறாள். போன ஞாயிறு வீடியோவில் வந்தாள், கணுக்காலில் ஐஸ் பை. பயணம் போகும்போது பஸ்ஸில் பிள்ளைகள் என்ன கதைப்பார்கள் என்று கேட்டேன்.

"எந்த ஹைஸ்கூலிலை இருந்து கூடுதலான பேர் வந்தவை எண்டு சண்டை பிடிப்பினம். ஒவ்வொருத்தியும் தன்ரை ஸ்கூல் எண்டுவாள். கோச்மாரும் அதைத்தான் கதைக்கிறவை. அம்மா, இஞ்சை முழுக்க அப்பாவைப் போல ஆக்கள்தான்."

நான் சிரித்த சத்தத்துக்கு இவர் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னவாம் பிள்ளை?" என்றார்.

"ஒண்டுமில்லை" என்றேன். சொல்லியிருந்தால் அந்தப் பள்ளிக்கூடங்களின் பெயர்களைக் கேட்டு எழுதியிருப்பார்.